கேப் விட்ட உடம்பு, கேப் விடாத குரூப்: மீண்டும் பயிற்சிக்குத் திரும்பும்போது என்ன நடக்கிறது?

பௌர்ணமிக்கு மறுநாள் காலை திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் ஒரு தனி ரக நடையைப் பார்க்கலாம். பாதத்தை முழுசாக ஊன்றாமல், விளிம்பில் மட்டும் ஊன்றி, பஸ் படிக்கட்டில் ஏறும்போது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறும் நடை. முந்தின நாள் இரவு கிரிவலம் போனவர்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்பி, திங்கட்கிழமை ஆபீஸில் லிஃப்டைத் தேடப் போகிறவர்கள்.

கிரிவலப் பாதை 14 கி.மீ. ஒரு அடிக்கு சுமார் 70 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 20 ஆயிரம் அடிகள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, மொத்தமே நாலாயிரம் அடி நடக்கிற ஒருவர், ஐந்து நாள் நடையை ஒரே இரவில், அதுவும் வெறுங்காலில், தார்ச்சாலையில் நடந்து முடிக்கிறார். வலிக்காமல் என்ன செய்யும்?

ஆனால், அவரைத் தனியாக விட்டிருந்தால் 4 கி.மீ. தாண்டியிருக்க மாட்டார். கூட வந்தவர்கள் நடந்தார்கள், அவரும் நடந்துவிட்டார். உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கழித்து மறுபடியும் ஒரு குழுவோடு சேர்கிறவர்களின் கதையும் இதேதான். காலை 5.30 வாக்கிங் குரூப், வாலிபால் டீம், ஜிம்மில் பேட்ச் பயிற்சி, சிலம்பம் வகுப்பு என எதுவாக இருந்தாலும் சரி, திரும்ப வரவைப்பது குழு. பல நேரங்களில் இரண்டாவது வாரமே காலை உடைப்பதும் அதே குழுதான்.

ஊரே 'கேப்' விட்டபோது

நீண்ட இடைவெளி என்றால் என்ன என்று திருவண்ணாமலைக்குத் தெரியும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை விழுந்தது. மாதாமாதம் பல லட்சம் பேர் சுற்றிவந்த பாதை, பௌர்ணமி இரவில் வெறிச்சோடிக் கிடந்தது. கிட்டத்தட்ட 2 ஆண்டுகள் கழித்து, 2022-ல்தான் பௌர்ணமிக் கூட்டம் முழு வீச்சில் திரும்பியது.

திரும்பி வந்தது, போன அதே கால்கள் அல்ல. இடையில் இரண்டு வருடம் வீட்டிலிருந்தே வேலை. பலருக்குக் கொரோனா வந்து போயிருந்தது. மாதம் ஒருமுறையாவது தார் ரோட்டில் பழகிய உள்ளங்கால் தோல், டைல்ஸ் தரையில் மென்மையாகிவிட்டிருந்தது. "போன தடவை மூணரை மணி நேரத்துல முடிச்சேனே" என்ற கணக்கு மட்டும் மனதில் அப்படியே இருந்தது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உடம்பு மறந்ததை மனசு மறப்பதில்லை.

நிறுத்தினால் எது முதலில் போகும்?

முதலில் போவது 'தம்'. உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை வி.ஓ.2 மேக்ஸ் என்கிறார்கள். ஸ்மார்ட்வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். 1984-ல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் எட்வர்ட் காயிலும் அவரது குழுவினரும், நன்றாகப் பயிற்சி பெற்ற வீரர்களை 84 நாள் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தார்கள். முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே இந்த அளவு சுமார் 7 சதவீதம் இறங்கியது. 8 வாரத்தில் 16 சதவீதம். அதற்கப்புறம் பெரிதாக இறங்கவில்லை. ஆரம்பச் சரிவுக்கு முக்கியக் காரணம் ரத்தத்தின் அளவு குறைவது. இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் குறைகிறது. அதனால்தான் பழைய வேகத்தில் நடந்தாலே நெஞ்சு படபடக்கிறது.

இதைவிட ஆச்சரியமான ஒரு கணக்கு டல்லாஸில் இருந்து வந்தது. 1966-ல் 20 வயதுள்ள 5 ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். எழுந்தபோது அவர்களின் உடல்திறன் கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. அதே ஐந்து பேரையும் 30 ஆண்டு கழித்து, 50 வயதில், மறுபடியும் கூப்பிட்டு அளந்தார்கள். 30 வருட வயது அவர்களிடம் இருந்து எடுத்துக்கொண்டதைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்ததுதான் அதிகம்! பிறகு 6 மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். வயதால் இழந்த ஆக்சிஜன் திறன் முழுவதும் திரும்பியது. 50 வயதில், 6 மாதத்தில்.

"வயசாயிடுச்சு, இனிமே எங்க?" என்று 32 வயதில் சொல்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

எது மிச்சமிருக்கும்?

தசை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. பயிற்சியின்போது தசை இழைகளுக்குள் புதிதாகச் சேரும் உட்கருக்கள், பயிற்சியை நிறுத்தி தசை சுருங்கிய பிறகும் நீண்ட காலம் அங்கேயே இருப்பதை ஓஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் எலிகளிடம் காட்டினார்கள். மனிதர்களில் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் நடைமுறையில் பலன் தெரிகிறது. பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகம் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு 20 வாரம் விடாமல் எடைப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு 10 வாரம் செய்து, 10 வாரம் முழுசாக நிறுத்தி, மறுபடி 10 வாரம் செய்தது. கடைசியில் இரண்டு குழுவின் பலமும் தசை அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கேப் விட்டவர்கள், விட்ட இடத்தைச் சில வாரங்களிலேயே பிடித்துவிட்டார்கள்.

இது நல்ல செய்தி. கூடவே ஒரு பொறியும் கூட. தசை வேகமாகத் திரும்புகிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அப்படித் திரும்புவதில்லை, அவற்றுக்கு ரத்த ஓட்டமும் குறைவு, பொறுமையும் அதிகம். மூன்றாவது வாரத்தில் "பழைய ஃபார்முக்கு வந்துட்டேன்" என்று தோன்றும்போது, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் இன்னும் முதல் வாரத்திலேயே நின்றுகொண்டிருக்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் சுரீர் என்றால், பாதத்தின் அடியில் ஓடும் தடித்த திசுப்பட்டை முறையிடுகிறது என்று அர்த்தம். அன்றைக்குக் குரூப்புக்கு "இன்னிக்கு லீவு" என்று மெசேஜ் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

13 பேர் மருத்துவமனைக்குப் போன கதை

குழுவாகத் திரும்புவது எப்படித் தப்பாகலாம் என்பதற்கு உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் சொல்லும் உதாரணம் ஒன்று இருக்கிறது. 2011 ஜனவரி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகக் கால்பந்து அணி (அமெரிக்க பாணி கால்பந்து) மூன்று வார விடுமுறை முடிந்து பயிற்சிக்குத் திரும்பியது. தொடக்கத்திலேயே ஒரு கடுமையான சோதனை: தங்களால் அதிகபட்சம் தூக்க முடிந்த எடையில் பாதியைத் தோளில் வைத்து, நேரம் குறித்து, 100 முறை உட்கார்ந்து எழ வேண்டும்.

செய்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் 13 வீரர்கள் மருத்துவமனையில். தசைச் செல்கள் பெருமளவில் உடைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் 'ராப்டோமயோலிசிஸ்' பாதிப்பு. சிறுநீர் கோலா நிறத்தில் போவது இதன் முக்கிய அறிகுறி. நல்லவேளையாக எல்லோரும் தேறினார்கள்.

அவர்கள் சோம்பேறிகள் இல்லை. 20 வயது விளையாட்டு வீரர்கள். இடைவெளியும் வெறும் மூன்று வாரம்தான். பக்கத்தில் இருப்பவன் 60-வது முறை உட்கார்ந்து எழும்போது 40-ல் நிறுத்த யாருக்கும் மனசு வராது. அதுதான் விஷயம்.

பக்கத்தில் ஆள் இருந்தால் உடம்பு பொய் சொல்லும்

இதற்கு உளவியலில் பெயரே உண்டு. 1920-களில் ஜெர்மனியின் ஓட்டோ கோலர், பெர்லின் படகோட்டும் கிளப் உறுப்பினர்களை எடை தூக்க வைத்துப் பார்த்தார். தனியாகத் தூக்குவதைவிட, தன்னைவிடக் கொஞ்சம் பலசாலியோடு சேர்ந்து தூக்கும்போது பலவீனமானவர் அதிக நேரம் தாக்குப்பிடித்தார். 'நம்மால டீம் தோத்துடக் கூடாது' என்ற எண்ணம். கோலர் விளைவு என்று இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

2010-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 12 படகோட்டிகளை வைத்து இன்னொரு ஆய்வு. அதே மெஷின், அதே கடுமை. ஒருமுறை தனித்தனியாக, ஒருமுறை சேர்ந்து. சேர்ந்து செய்த பிறகு அவர்களின் வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. சேர்ந்து அசையும்போது எண்டார்பின் அதிகம் சுரக்கிறது என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்.

கிரிவலத்தில் 'களைப்பே தெரியலை' என்று சொல்வதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். உண்மையாகவே அப்போது தெரியாது. ஈசான்ய லிங்கம் தாண்டி, கோயிலுக்கு வந்து, உட்கார்ந்த பிறகுதான் தெரியும். ரெகுலராக நடப்பவருக்கு இது வரம். ஒரு வருடம் கழித்து வருபவருக்கு, 'நிறுத்து' என்று சொல்ல வேண்டிய சிக்னல் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறது.

அதற்காகத் தனியாகப் பயிற்சி செய்வதுதான் பாதுகாப்பு என்று முடிவுகட்டவும் முடியாது. தனியாகத் தொடங்கி அலாரத்தை ஆஃப் செய்துவிட்டுத் தூங்கியவர்களின் எண்ணிக்கையை யாரும் எண்ணுவதில்லை. 2024 ஜூனில் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். 'போதுமான' என்பதன் அளவுகோல் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு மட்டுமே. பெண்களுக்குக் குழு என்பது உந்துதல் மட்டும் இல்லை. இருட்டு பிரியாத காலை 5 மணிக்கு வெளியே போவதற்கான தைரியமும் பல சமயம் அதுதான்.

ஆக, குழு வேண்டும். குழுவின் வேகம் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு.

50, 30, 20, 10

அயோவா போன்ற சம்பவங்களுக்குப் பிறகு, அமெரிக்காவின் இரண்டு பெரிய பயிற்சியாளர் அமைப்புகள் சேர்ந்து 2019-ல் ஒரு விதியை வெளியிட்டன. இரண்டு வாரமோ அதற்கு மேலோ இடைவெளி விட்ட வீரர்களுக்கு முதல் வாரம் வழக்கமான அளவில் 50 சதவீதத்தைக் குறைக்க வேண்டும். இரண்டாவது வாரம் 30, மூன்றாவது வாரம் 20, நான்காவது வாரம் 10 சதவீதம் குறைவு. ஐந்தாவது வாரம்தான் முழு அளவு.

நடைக் குழுவுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். முன்பு வாரத்துக்கு 5 நாள், தினம் 6 கி.மீ., மொத்தம் 30 கி.மீ. நடந்தவர் என்றால், முதல் வாரம் 15 கி.மீ. அடுத்து 21, அடுத்து 24, அதற்கடுத்து 27. இது கல்லூரி வீரர்களுக்குப் போட்ட கணக்கு என்பதை மறக்கக் கூடாது. ஒரு வருடம், இரண்டு வருடம் கேப் விட்டு, நடுவில் 8 கிலோ ஏறி, தினம் 9 மணி நேரம் லேப்டாப் முன் இருக்கும் ஒருவர் ஒவ்வொரு படியையும் இரண்டு வாரமாக இழுப்பது நியாயமாக இருக்கும். எடைப் பயிற்சி என்றால் எடை, செட் இரண்டையும் குறைக்கணும். ஒன்றை மட்டும் குறைத்துவிட்டு இன்னொன்றில் பழி தீர்க்கக் கூடாது.

முதல் நாள் ரொம்ப லேசாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பழக்கமில்லாத பயிற்சிக்குப் பிறகு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும் அந்த உடம்பு வலி, ஒரே ஒரு லேசான பயிற்சி செய்திருந்தாலே அடுத்த முறை கணிசமாகக் குறையும். தசை ஒருமுறை பார்த்த வேலையை அடையாளம் கண்டுகொள்கிறது. 'நோ பெயின், நோ கெயின்' டி-ஷர்ட்டை இந்த ஒரு மாதம் மட்டும் அலமாரியில் வைத்துவிடலாம்.

வேகத்தை அளக்க வாட்ச் வேண்டியதில்லை. நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். பாட முடிந்தால் ரொம்ப மெதுவு. இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால், குழுவை முன்னால் போகச் சொல்லிவிடலாம்.

திருவண்ணாமலைக்கு இதெல்லாம் புதுசு இல்லை. கிரிவலம் எப்படிப் போகணும் என்பதற்கு இந்த ஊரில் மரபாகவே ஒரு வேகம் சொல்லப்படுகிறது. நிறைமாத கர்ப்பிணியான ஒரு ராணி எப்படி நடப்பாளோ, அப்படி. ரமண மகரிஷியின் பெயரோடு சேர்த்தும் இது சொல்லப்படுகிறது. சொன்ன காரணம் ஆன்மிகம்தான். ஆனாலும் 14 கி.மீ. தூரத்துக்கு இதைவிடப் பொருத்தமான 'பேஸ் பிளான்' எந்த ஆப்பிலும் இல்லை.

வட்டப் பாதையில் ஒரு சிக்கல்

கிரிவலப் பாதையில் பயிற்சியைத் தொடங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் அதன் வடிவம். அது வட்டம். ராஜகோபுரத்தில் கிளம்பி, இந்திர லிங்கம், அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம் என்று போய், மலைக்கு மேற்கே அடி அண்ணாமலைக்கு வந்தபோது முழங்கால் வலித்தால், திரும்பினாலும் முன்னே போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். மற்ற நாட்களில் ஆட்டோ பிடித்துவிடலாம். பௌர்ணமியன்று பாதையில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு. நடந்தேதான் ஆகணும்.

அதனால் முதல் வாரங்களில் முழுச் சுற்று வேண்டாம். போய்த் திரும்பும் நடை போதும். கோயிலில் இருந்து ரமணாஸ்ரமம் சுமார் 2 கி.மீ. போய் வந்தால் 4 கி.மீ. எந்த இடத்திலும் திரும்பிவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. இந்த நாட்களில் செருப்போ ஷூவோ போட்டு நடப்பதுதான் நல்லது. வெறுங்காலுக்குத் தனியாகப் பழக வேண்டும், தினம் சில நூறு மீட்டராக. கோடையில் பகல் தார்ச்சாலையில் அந்தப் பரிசோதனையே வேண்டாம்.

இதுவும் வேண்டாம் என்றால், தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதை அறிவிக்கப்பட்டது. திட்டத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு மருத்துவப் பரிசோதனை முகாமும் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து வெகுநாள் ஆனவர்களுக்கு அது உதவும். 40 வயதைத் தாண்டியவர்கள், வீட்டில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருப்பவர்கள், கொரோனா, டெங்கு போன்ற காய்ச்சலில் இருந்து இப்போதுதான் எழுந்தவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்கணும்.

நடுவில் நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அதைக் குரூப்பில் விவாதிக்க நேரமில்லை, 108. மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் அடர் பழுப்பாகப் போனாலும், தொடையோ தோளோ வீங்கி மடக்கவே முடியாமல் போனாலும், 'வொர்க்கவுட் வலிதான்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசி ஆள் யார்?

இதுவரை சொன்னதெல்லாம் திரும்பி வருகிறவர் செய்ய வேண்டியவை. உண்மையில் பாதி வேலை குழுவுடையது. வாட்ஸ்அப் குரூப்பை ம்யூட்டில் போட்டு எட்டு மாதம் ஆன ஒருவர், மறுபடி வர நினைக்கும்போது முதலில் பயப்படுவது முழங்காலுக்கு இல்லை. "வாங்க சார், வழி தெரிஞ்சுதா?" என்ற கிண்டலுக்கு. இரண்டாவது பயம், எல்லோருக்கும் பின்னால் தனியாக மூச்சிரைத்துக்கொண்டு வருவதற்கு.

முதல் பயத்துக்கு மருந்து குழுவில் இருப்பவர்களின் வாயில் இருக்கிறது. இரண்டாவதற்கு லண்டனில் ஒரு எளிய ஏற்பாடு கண்டுபிடித்தார்கள். 2004-ல் புஷி பார்க் என்ற பூங்காவில் 13 ஓட்டக்காரர்களோடு தொடங்கி, இன்று பல நாடுகளில் நடக்கும் 'பார்க்ரன்' என்ற இலவச 5 கி.மீ. ஓட்டத்தில், 'டெயில் வாக்கர்' என்று ஒரு தன்னார்வலர் இருப்பார். அவர் வேலை ஒன்றே ஒன்று: எல்லோருக்கும் கடைசியாக வருவது. அவர் இருப்பதால், வேறு யாரும் கடைசி ஆள் ஆக முடியாது. 2020-ல் கொரோனாவால் நின்று, இங்கிலாந்தில் 2021 ஜூலையில் அது திரும்பியபோதும் இந்த ஏற்பாடு அப்படியே இருந்தது.

செலவில்லாத விஷயம். பத்துப் பேர் குழுவில் நல்ல வேகக்காரர் ஒருவர் வாரம் ஒருமுறை கடைசியில் நடந்தால் போதும். பேட்ச் நடத்தும் டிரெய்னர்கள் இன்னொன்றும் செய்யலாம். திரும்ப வந்தவருக்கு முதல் நாளே எண்ணிக்கையைப் பாதியாக்கி, அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிடுவது. "நீங்க இன்னிக்கு பத்துதான், பதினொண்ணு போகக் கூடாது." அப்புறம் பத்தில் நிறுத்துவது தோல்வியாகத் தெரியாது, மாஸ்டர் சொன்னதைக் கேட்டதாகிவிடும். ஜிம்மில் புதுசாகப் பணம் கட்டியவரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், அவர் காசுக்கு வியர்வை எதிர்பார்ப்பார். சொல்லித்தான் ஆகணும்.

ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே இருப்பது இருபத்தொன்பதரை நாள். 50, 30, 20, 10 என்ற நான்கு வாரத்துக்கு 28 நாள். சில வாரம் மட்டும் விட்டவர், இந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் ரமணாஸ்ரமம் வரை போய்த் திரும்பத் தொடங்கினால், அடுத்த நிலவுக்குள் பழைய அளவுக்கு வந்துவிடலாம். வருடக்கணக்கில் விட்டவருக்கு இரண்டு நிலவு ஆகும். நடுவில் வரும் பௌர்ணமியில் நண்பர்கள் கூப்பிட்டால் போகலாம், அக்னி லிங்கம் வரைக்கும் சேர்ந்து நடந்துவிட்டு, ஒரு சுக்குக் காபி குடித்துவிட்டு, அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பிவிடலாம்.